எழுதாத இடத்தில் நின்ற இயந்திரம்

மார்ச் 4, செவ்வாய்

எழுதவே போகாத ஓர் இடத்தில் எழுத முயன்றதாக இயந்திரம் எப்படிச் சொல்லும்? எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டு, இதை இந்த நோட்டில் மட்டும்தான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

புது மெயின்ஃபிரேம் கணினியில் இன்று முழு ஒத்திகை. ரயில் முன்பதிவின் மற்ற நிரல்கள் எல்லாம் ஓடின. காத்திருப்போர் பட்டியலை நகர்த்தும் நிரல் மட்டும் விழுந்துவிட்டது. நான் எழுதிய நிரல். ஓர் இருக்கை ரத்தானால், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் ஒரு படி முன்னே தள்ளுவது அதன் வேலை. ஒவ்வொரு பயணியின் பதிவிலும் அடுத்தவரின் பதிவு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி இருக்கும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் அங்கே பூஜ்யம். பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த முகவரியில் எழுது, பூஜ்யமாக இருந்தால் எழுதாதே. இயந்திரத்தின் சொந்த மொழியான அசெம்பிளரில் இது எல்லாம் ஒரே கட்டளை. பதினோரு வருடமாக ஓடுகிறது.

இன்று கடைசி ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டது. நின்ற கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் பதிவான டம்ப்பை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். முகவரி: பூஜ்யம். நிபந்தனை: பொருந்தவில்லை. ஆகவே எழுதக்கூடாது. ஆனால் நின்றதற்குக் காரணமாகப் போட்டிருப்பது, பாதுகாக்கப்பட்ட நினைவகத்தில் எழுத முயற்சி. நினைவகத்தின் முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் யாரும் எழுத முடியாது, அது பூட்டிய அறை. சரி. ஆனால் அந்த அறைக்கு யார் போனது?

மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அதே இடம். பழைய இயந்திரத்தில் அதே நிரல், ஒரு பைட் மாறாமல், சிரித்துக்கொண்டே ஓடுகிறது.

மார்ச் 5, புதன்

ஸ்பேனர் வந்தார். இயந்திர அறை அவர் பொறுப்பு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளப் பிரிவிலேயே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அவர் என்னை டீச்சர் என்பார். மற்றவர்களின் நிரல்களில் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேனாம், அதனால்.

நேற்று மாலையிலிருந்து இயந்திரத்தைச் சோதித்திருக்கிறார். எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல டீச்சர். குடைஞ்சு பாத்துட்டேன். உங்க புரோகிராம ஒரு தடவ பாருங்களேன்."

பதினோரு வருஷமா பாத்தாச்சு என்றேன். சொன்ன தொனி என் காதுக்கே நன்றாக இல்லை.

மார்ச் 6, வியாழன்

பிரிவுத் தலைவர் கூட்டம் போட்டார். என்னைவிட ஐந்து வயது சிறியவர். எதையும் இரண்டாக மடித்துத்தான் பார்ப்பார். "ஒண்ணு மெஷின் தப்பு, இல்லைன்னா புரோகிராம் தப்பு. ரெண்டுல எதுன்னு எனக்குப் பேப்பர்ல வேணும்" என்றார்.

கொடுத்தேன். நிரல் மாறவில்லை. நிபந்தனை பொருந்தாத நிலையிலும் எழுத முயன்றிருக்கிறது இயந்திரம். எனவே பிழை இயந்திரத்தில். நான்கு வரி, கீழே என் கையெழுத்து. எழுதும்போது ஒரு சொல்கூட இடறவில்லை.

அடுத்த வியாழன் முடிவு. அதற்குள் வேறு விளக்கம் வராவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும். இந்த இயந்திரம்தான் வேண்டும் என்று பரிந்துரை எழுதியவர் ஸ்பேனர். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தலைவர் அவர் பக்கம் திரும்பி, புதுப்பிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். எங்கள் அலுவலகத்தில் அப்புறம் பேசலாம் என்றால் இனி யாரும் பேசப்போவதில்லை என்று பொருள்.

"சரிங்க," என்றார் ஸ்பேனர். "டூல் பாக்ஸ் எப்பவும் ரெடியாத்தான் இருக்கு."

வழக்கமாக அவர் எது சொன்னாலும் சிரிப்பவர்கள்கூடச் சிரிக்கவில்லை. ஐம்பத்தாறு வயது. கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். இந்த வயதில் வேறு எங்கே எடுப்பார்கள்? எடுக்க மாட்டார்கள்.

ஆனால் டம்ப் பொய் சொல்லாது. நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

மார்ச் 7, வெள்ளி

அந்தக் கட்டளையை முதன்முதலாகப் படித்த நாள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இயந்திரம் ஒரு கட்டளையை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும் என்று கல்லூரியில் படித்தேன். பல வருடம் அப்படியே நம்பியும் வந்தேன். உண்மையில் அது பத்து வேலையை ஒரே நேரத்தில் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் நின்று யோசிப்பதில்லை. இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று ஊகித்துப் போய்விடும். ஊகம் தப்பினால் அதுவரை செய்ததையெல்லாம் கொட்டிவிட்டுத் திரும்பி வரும். நாம் எழுதுகிற ஒவ்வொரு 'இப்படியானால் அங்கே தாவு'வுக்கும் உள்ளே ஒரு சூதாட்டம்.

பிறகுதான் இந்தக் கட்டளைகள் வந்தன. நிபந்தனை பொருந்தினால் நினைவகத்திலிருந்து எடு. பொருந்தினால் நினைவகத்தில் எழுது. பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போ. தாவல் இல்லை, ஊகம் இல்லை. வழி நேராக இருக்கிறது. முடிவு மட்டும் அந்த ஒரு கட்டளைக்குள்ளேயே எங்கோ எடுக்கப்படுகிறது.

நான் எதற்கும் எளிதில் வாய் பிளப்பவள் இல்லை. பிறர் கை கூப்பும் இடங்களில் கூரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவள். ஆனால் அன்று அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். மணலைவிடச் சிறிய ஒன்றுக்குள், கண் இமைப்பதில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில், 'வேண்டாம்' என்று ஒரு முடிவு. அதற்காக ஒன்றும் நிற்கவில்லை, ஒன்றும் திரும்பவில்லை. புல்லரித்தது என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் அதுதான் நடந்தது.

ஒரே மாதத்தில் அறுபத்து மூன்று தாவல்களை நீக்கிவிட்டு இந்தக் கட்டளைகளைப் போட்டேன். காத்திருப்போர் பட்டியல் மொத்தமாகப் பதினான்கு சதவீதம் வேகமானது. ஒரு கேடயம் தந்தார்கள். மொட்டைமாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அது இப்போது முட்டுக் கொடுக்கிறது.

அந்தக் கட்டளைதான் புது இயந்திரத்தில் பிசகுகிறது என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

மார்ச் 8, சனி

விடுமுறை. எதையும் தொடவில்லை. நாள் முழுக்க டம்ப்பின் அந்த ஒரு வரி கண்ணுக்குள் ஓடியது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா முப்பத்தொரு வருடம் அறுவை அரங்கில் செவிலியாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு என்னோடு இருக்கிறாள். வீட்டில் கரண்டியைக்கூட எண்ணித்தான் அலமாரியில் வைப்பாள். இன்று படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, இந்த வாரம் நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். சொன்னேன். கணினி என்றாலே கையை ஆட்டி விலக்குகிறவள், இன்று கவனித்துக் கேட்டாள்.

செய்யாத வேலைக்கு எப்படித் தண்டனை வரும் என்றேன்.

"ஏன் வராது? தியேட்டர்ல கத்தி இருக்குற பொட்டலத்தப் பிரிச்சுட்டா கதை முடிஞ்சுது. டாக்டர் தொட்டாரா இல்லையான்னெல்லாம் கேள்வி கிடையாது. மறுபடி கொதிக்க வைக்கத்தான் போகணும்."

நான் பொறுமையாக விளக்கினேன். இது அப்படி இல்லை. நிபந்தனை பொருந்தாவிட்டால் இயந்திரம் பொட்டலத்தைப் பிரிக்கவே பிரிக்காது.

"நீ பாத்தியா?"

அது உள்ளே நடக்குற விஷயம்க்கா, அதையெல்லாம் பார்க்க முடியாது என்றேன்.

"பாக்காம எப்படிடி கையெழுத்துப் போட்ட?"

விரிப்பை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும்? கத்தியும் பஞ்சும் எண்ணினவ. எல்லாத்துக்கும் தியேட்டர் கதை ஒண்ணு வச்சிருப்பா.

ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். பார்த்தேனா? பார்க்கவில்லை. கட்டளை என்ன செய்யும் என்று படித்தேன். செய்யாதபோது என்ன செய்யும் என்று படித்தேனா? நினைவில்லை.

மார்ச் 10, திங்கள்

கிடைத்துவிட்டது.

முதலில் போய் இயந்திரத் தயாரிப்பாளரின் பழைய கையேட்டை எடுத்தேன், பதினோரு வருடத்துக்கு முன் நான் அச்செடுத்துக் கோத்துவைத்தது. அந்தக் கட்டளையின் பக்கம். ஓரத்தில் என் சிவப்புப் பென்சில், புரிந்த பத்திக்கெல்லாம் ஒரு 'சரி'. இயக்கம்: சரி. நிபந்தனைகளின் அட்டவணை: சரி. அதற்கடுத்த பத்தியில் குறி இல்லை. படிக்கவே இல்லை. வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டது, அப்புறம் என்ன என்று எழுந்து போயிருக்கிறேன்.

குறி இல்லாத பத்தி சொல்வது இதுதான். நிபந்தனை பொருந்தாவிட்டாலும், எழுதியிருக்கக்கூடிய அந்த முகவரி அனுமதிக்கப்பட்டதா என்று இயந்திரம் சோதிக்கலாம், சோதித்துப் பிழை என்று நிறுத்தவும் செய்யலாம். நிறுத்துமா நிறுத்தாதா என்பது இயந்திரத்தின் மாதிரியைப் பொறுத்தது.

மாதிரியைப் பொறுத்தது. பழைய மாதிரி பார்க்காமல் போனது. புது மாதிரி பார்க்கிறது. இரண்டுமே சரி. இரண்டுமே சொன்ன சொல் தவறவில்லை. தவறியது நான். பூஜ்யத்தை முகவரியாகக் கொடுத்துவிட்டு, எழுதப்போவதில்லையே என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். பழைய தாவல் அந்த வரிக்கே வராமல் சுற்றிப் போயிருக்கும். அதை நீக்கியவள் நான்.

அவமானம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதியவர்கள் முன்னால் அப்போது இருந்தது ஒரே ஓர் இயந்திரம். அது எதைச் செய்கிறதோ அதை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இன்னும் பிறக்காத இயந்திரங்களுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். யாரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, 'இதற்கு நாம் வாக்குக் கொடுக்கக்கூடாது' என்று முடிவு செய்து, கொடுக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் யோசித்துச் சொல்லாமல் விட்டதை, அவர்கள் சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அறுபத்து மூன்றையும் பார்த்தேன். ஐம்பத்து நான்கில் பிழை வராது. அவற்றில் பல, நினைவகத்திலிருந்து எடுக்கிற கட்டளைகள். பூஜ்யத்தில் எழுதத்தான் தடை, படிக்கத் தடை இல்லை. அதுவும் என் திறமையால் இல்லை. ஒன்பது இடத்தில் எழுதுகிற கட்டளை, பூஜ்யம் வரக்கூடிய முகவரி. ஒன்பது.

மார்ச் 11, செவ்வாய்

நேராக ஸ்பேனரிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது ஒரு கேள்வி: எழுத வேண்டுமா வேண்டாமா என்று தெரிவதற்கு முன்பே இயந்திரம் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க முடியுமா?

அவர் என்னை இயந்திர அறைக்குள் கூட்டிப் போனார். உள்ளே குளிர். இயந்திரப் பெட்டியின் கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. கறுப்புக் குழாய்கள், விரல் தடிமன் செப்புத் தகடுகள், ஆடம்பரத்துக்கு ஒரு வண்ண விளக்குகூட இல்லை. இத்தனை வருடம் இந்தப் பெட்டிக்காக எழுதியிருக்கிறேன், திறந்து வைத்துப் பார்த்ததில்லை.

"முடியும்னுதான் நெனைக்கிறேன்," என்றார். "இது புதுசு, அவசரக்காரன். கண்டிஷன் என்னன்னு தெரியறதுக்குள்ள ஒரு ஆள அனுப்பி, எடம் இருக்கா, கதவு தெறந்திருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லிடும். வேணாம்னு ஆனா விட்டுடும். ஆனா போன ஆளு கதவு பூட்டியிருக்குன்னு வந்து சொன்னா, காதுல வாங்காம இருக்க முடியுமா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இது என் ஊகம்தான் டீச்சர். இதுக்குள்ள நடக்குறத கண்ணால பாத்தவன் ஒருத்தனும் கிடையாது" என்றார்.

இருவரும் அந்தத் திறந்த கதவின் முன் நின்று உள்ளே பார்த்தோம். தன் கையாலேயே பொருத்தி நிறுத்திய இயந்திரத்தைப் பற்றித் 'தெரியாது' என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. நான் நான்கு வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

எதுக்குக் கேக்குறீங்க என்றார்.

சும்மாதான் என்றேன்.

சும்மாவாம். என்ன ஜென்மம் நான்.

மதியம் இன்னொன்றும் செய்தேன். பட்டியல் நிரலின் அந்த ஒரு வரியை மட்டும் பழைய தாவலோடு எழுதி, பழைய இயந்திரத்தில் நேரம் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. சொல்லப்போனால் தாவல் ஒரு மயிரிழை முந்தியது. காரணம் எளிது. வரிசையில் அநேகமாக எப்போதும் பின்னால் இன்னொருவர் இருப்பார், இயந்திரத்தின் ஊகம் பலித்துக்கொண்டே போகும், கடைசி ஆளிடம் மட்டும் ஒருமுறை தப்பும். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத இடங்களில்தான் புதுக் கட்டளைக்கு மதிப்பு. பதினான்கு சதவீதமும் மற்ற இடங்களில் வந்தது. இங்கே தாவலை நீக்கியதால் பைசா பிரயோசனம் இல்லை. நேராக இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக நீக்கியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

தலைவர் கூப்பிட்டு, உங்களால் ஏதாவது சுற்றுவழி போட முடியுமா என்று கேட்டார். இயந்திரத்தின் பிழையை நிரலில் சமாளித்துவிட்டால் திருப்பி அனுப்பும் தலைவலி இருக்காது, இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் ஸ்பேனர்? "அது வேற விஷயம் மேடம். தப்பான மெஷின வாங்கச் சொன்னது சொன்னதுதானே."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஒன்பது தாவலைத் திரும்பப் போட்டுவிட்டு, சமாளித்துவிட்டேன் என்று சொன்னால் போதும். எல்லாம் ஓடும். எனக்கு இன்னொரு கேடயம்கூடக் கிடைக்கலாம். அந்தப் பத்தியை இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் படிக்கப்போவதில்லை. என் பாணி என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறார்களே, அதுவும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு ஆள் மட்டும் மாதக் கடைசியில் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவார்.

சாப்பிடும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னேன்ல என்று ஆரம்பிப்பாள் என்று பார்த்தேன். ஆரம்பிக்கவில்லை. கூட்டம் எத்தன மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

பத்து மணிக்கு. புது அறிக்கை எழுதி வைத்துவிட்டேன். பேசுவேன் என்று இங்கே எழுதுகிறேன். பேசுவேனா என்பது...

மார்ச் 13, வியாழன்

நடந்தது இது.

கூட்டத்தில் ஏழு பேர். தலைவர் என் பழைய அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிறுத்தச் சொன்னேன். வேகமாகப் பேசினேன். கையேட்டைப் பிரித்து, குறி போடாத பத்தியைப் படித்துக் காட்டினேன். இயந்திரம் சரி. ஒன்பது இடத்தில் என் நிரல் தவறு. சுற்றுவழி என்று எதுவும் இல்லை, செய்ய வேண்டியது திருத்தம். முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.

தலைவர் கையேட்டை வாங்கி விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "பதினோரு வருஷமா இது இப்படியே இருந்துச்சா?" என்றார். இருந்தது என்றேன். அப்போ பழைய மெஷின் ஏன் சொல்லல என்றார். சொல்லணும்னு கட்டாயம் இல்ல என்றேன். அவருக்கு இது இரண்டாக மடியவில்லை. சற்று நேரம் பேனாவை உருட்டினார். பிறகு என் பழைய அறிக்கையில் 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டார். புது நிரலர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பை இந்த வருடம் வேறு ஒருவர் எடுக்கட்டும் என்றார். சரி என்றேன். ஸ்பேனரின் ஒப்பந்தத் தாள் அடுத்து வந்தது. அதில் அப்புறம் பேசலாம் என்று சொல்லவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டார், இரண்டு வருடம்.

ஸ்பேனர் என் பக்கம் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார். அவருக்குக் கோபம் இருக்கும், இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து ஒன்பது தாவல்களையும் திரும்பப் போட்டேன். மதியம் மூன்றே முக்காலுக்குப் புது இயந்திரத்தில் ஓட்டினோம். நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் நகர்ந்தார்கள். கடைசி ஆள் வந்தார், நகர்ந்தார், முடிந்தது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

ஸ்பேனர் மட்டும் போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமையே தெரியும், இல்ல?"

தெரியும் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடுங்க. பழச ஒரு தடவ ஓட்டுங்க டீச்சர். தப்பா இருக்குதே, அத."

எதற்கு என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் டெஸ்ட்டு, பயம், இதுலயே போயிடுச்சு. அது எப்படி நிக்குதுன்னு நிம்மதியா நான் இன்னும் பாக்கவே இல்ல."

பழையதை ஏற்றி ஓட்டினேன். பயணிகள் நகர்ந்தார்கள். கடைசி ஆளிடம் வந்ததும் நின்றது. திரையில் அதே வரி. எழுதப்போகாத இடத்தில், எழுதாமலே நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு தடவை என்றார். ஓட்டினேன்.